நோய்ப்பெயரியிடம் ஒரு பேரம்

சென்னியப்பனின் உயிருக்கு அன்று காலை விலை தொண்ணூறு லட்சம். பேசி இறக்க அவருக்கு இருந்த அவகாசமோ, மூத்திரத்தை அடக்கிக்கொள்ள முடிகிற நேரம் மட்டும்.

ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருப்பவர். கொஞ்ச நாளாக ஒன்றுக்குப் போனாலே நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் எகிறும், கண் இருட்டும். நேற்று கழிப்பறையிலேயே விழுந்துவிட்டார். ஒளிக்குழாய் விட்டுப் பார்த்தால் சிறுநீர்ப்பையின் தசைச்சுவருக்குள் நெல்லிக்காய் பருமனில் ஒரு கட்டி. அது என்ன கட்டி என்று சொல்ல வேண்டியது சுவரில் பதித்திருந்த நோய்ப்பெயரி என்ற இயந்திரம். ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியாக அது பெயர் சொல்லி முத்திரையிட்டால்தான் எந்த மருத்துவமனையிலும் மருந்துப்பெட்டி திறக்கும். சாதாரண நோய்களுக்குப் பெயர் இலவசம். அபூர்வ நோய்களுக்கு அபூர்வ விலை; வெட்டியெடுத்த கட்டிகளைச் சேர்த்துவைத்துத்தான் அது அந்தப் பெயர்களைக் கற்கிறது.

“எனக்கு ஒரு சந்தேகம் இருக்குங்கய்யா,” என்றார் டாக்டர் ரெஜினா. “ஆனா முத்திரை இல்லாம மாத்திரைகூட எடுக்க முடியாது. மருந்து குடுக்காம கத்தி வெச்சா மேசையிலயே போயிருவீங்க.”

“கிடங்கையே வித்தாலும் அறுபதுதானுங்க தேறும்.” அடிவயிற்றைப் பிடித்தபடி சென்னியப்பன் சுவர்ப்பக்கம் திரும்பினார். “ஏனப்பா, இந்த மாதிரிக் கட்டி உங்கிட்ட எத்தனை இருக்குது?”

“ஏழு,” என்றது நோய்ப்பெயரி.

“எட்டாவது வேண்டாமா?”

பதில் வரவில்லை. எதிராளி வாயை மூடினால் விலை அசைகிறது என்று அர்த்தம், மண்டிக்காரருக்குத் தெரியாததா?

“அப்பா, முட்டுதுன்னீங்களே! சட்டுன்னு முடிங்க,” என்று பதறினாள் மகள் நவமணி.

“செத்த இரு கண்ணு. இப்பத்தான் மாடு கயித்துக்கு வருது.” குரலை இறக்கினார். “பேரைச் சும்மா சொல்லு. வெட்டியெடுக்கற கட்டி உனக்கு.”

“போதாது.”

வியாபாரம் இழுபட்டால் அவர் வழக்கமாகச் செய்வதுதான்: கைக்காசு செலவில்லாத ஒன்றைக் கொசுறாகப் போட்டார். “அடுத்த வெள்ளாமையும் உனக்கேப்பா! எங்க வம்சத்துல இனி இது எங்க முளைச்சாலும் உன்னுது. போதுமா?”

“சம்மதம்.”

முத்திரை விழுந்தது: நரம்புமுடிச்சுக் கட்டி. மருந்துப்பெட்டி திறந்தது. ரெஜினா ஊசி போட்டு, அழுத்தம் இறங்கியதும் அனுப்ப, சென்னியப்பன் கழிப்பறைக்குப் போய்விட்டு நடந்தே திரும்பினார். மீசையில் ஒரு சிரிப்பு.

ரெஜினா சிரிக்கவில்லை. “ஐயா, இது பரம்பரையா வர்ற வகையாம்.”

நவமணி சுவரில் சாய்ந்தாள். “எனக்கும் அப்படித்தான் படபடக்குதுப்பா. நீங்க பயந்துக்குவீங்கன்னு சொல்லலை.”

ஒளிக்குழாய் அவளுக்குள்ளும் போனது. மிளகளவில் ஒன்று, அதே இடத்தில்.

“ஒன்பதாவது!” என்று கத்தினார் சென்னியப்பன். “எடுத்துக்கப்பா, சும்மா எடுத்துக்க! முத்திரையைப் போடு!”

“அது ஏற்கனவே எங்களுடையது. இன்னொரு முறை வாங்குவதற்கில்லை.”

நவமணி அடிவயிற்றைப் பிடித்தபடி கால் மாற்றி நின்றாள். நோய்ப்பெயரியின் திரையில் கணக்கு ஓடி நின்றது.

சென்னியப்பன்: கணக்கு நேர்.

நவமணி: வரவு ஒன்றுமில்லை. பாக்கி தொண்ணூறு லட்சம்.