குட்டி மரங்கள் எரிந்த பிறகு

காப்பிக் கோப்பையை ரோசலி மேசையில் வைத்தாள். லெனார்ட் எடுத்துக்கொண்டான், அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தொழிற்சாலை எரிந்து இன்றோடு பத்தொன்பது நாள். இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்த புருஷன், பத்தொன்பது நாளாக முன்கூடத்துச் சோபாவில்தான் படுத்துக்கொள்கிறான்.

"முட்டை பொரிக்கட்டுமா, லென்?"

"வேண்டாம்."

"நேத்தும் சாப்பிடல..."

"வேண்டாம்னு சொன்னேன்ல!"

ஜன்னலோரம் கம்பளிச் சட்டையோடு உட்கார்ந்திருந்த மாமனார் எமில் திரும்பிப் பார்த்தார். எண்பத்துமூன்று வயது. நேற்றைய சாப்பாடு நினைவிருக்காது. சில நாள் எதுவுமே நினைவிருக்காது.

"இன்னைக்காவது கம்பெனிக்குப் போறோமா?"

"ரோட்டுல பனி இன்னும் அள்ளலப்பா," என்றாள் ரோசலி.

தொழிற்சாலை போய்விட்டது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொன்னால் தாங்கமாட்டார் என்பதில் மட்டும்தான் இப்போது அந்த வீட்டில் ஒற்றுமை.

பென்சில்வேனியாவின் அந்தச் சின்ன ஊரில் எமில் ஐம்பத்திரண்டு வருஷத்துக்கு முன் தொடங்கிய தொழில் அது. வீட்டுக்குள் குட்டி ரயில் ஓட்டி மகிழ்கிறவர்களுக்கு விரல் உயர மரங்கள், பச்சைத் தூளில் புல்வெளி, சாந்தில் வார்த்த மலைகள். ஒன்பது பெண்களுக்கு அதில் பிழைப்பு. ஒரு சனிக்கிழமை காலை, ஒரே மணி நேரத்தில் எல்லாம் கரியானது. பசை, மரத்துக்கு இலையாகிற நுரைத்தூள், காய்ந்த செடித்தண்டுகள்... பற்றிக்கொள்ள வேறென்ன வேண்டும்!

"நான்தான். பசை காய்ச்சுற அடுப்ப அணைக்காம வந்துட்டேன்," என்று ரோசலி அன்று வீட்டாரிடம் சொன்னாள்.

அது பொய்.

அன்று லெனார்ட் வெளியூர்க் கண்காட்சிக்குச் சரக்கோடு போயிருந்தான். விடிந்ததும் மாமனாரின் படுக்கை காலியாக இருப்பதைப் பார்த்துச் சரிவில் ஓடிய ரோசலி, தொழிற்சாலை வாசலில், பனியில், வீட்டுச் செருப்போடு அவர் நிற்பதைக் கண்டாள். உலர்த்தும் அறை ஜன்னலில் தீ நாக்கு நீட்டிக்கொண்டிருந்தது. தன் கோட்டைக் கழற்றி அவருக்குப் போர்த்தி, தீயணைப்பு வண்டியை வரவழைத்து, அவரை வீடு சேர்த்தாள். தன் கையால் கட்டியதைத் தன் கையாலேயே எரித்தார் என்று ஊர் பேசுவதா? பெற்ற பிள்ளைகள் அவரை அந்தக் கண்ணோடு பார்ப்பதா? விசாரிக்க வந்த தீயணைப்பு அதிகாரியிடம் மட்டும் உள்ளதைச் சொன்னாள். "வீட்டுல நானே ஒருநாள் சொல்லிக்கறேன்," என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டாள். அந்த ஒருநாள் வரவேயில்லை.

வாசலில் கார் நின்றது. நாத்தனார் பெர்னிஸ் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, ஒரு காகிதக் கட்டை மேசையில் போட்டாள்.

"லென், கையெழுத்துப் போடு. முதியோர் இல்லத்துல இடம் கெடச்சிருக்கு. திங்கக்கெழமை அப்பாவக் கூட்டிட்டுப் போறேன்."

ரோசலி கரண்டியைக் கீழே வைத்தாள். "பெர்னிஸ்... எதுக்கு? இங்க நான் நல்லாத்தானே பாத்துக்கறேன்..."

"நீயா? ஒரு அடுப்பப் பாத்துக்கத் தெரியல, எங்கப்பாவப் பாத்துப்பியா? ஒன்பது குடும்பம் தெருவுல நிக்குது உன்னால! நாளைக்கு இந்த வீட்டையும் கொளுத்துவ. உள்ள எங்கப்பா தூங்கிட்டிருப்பாரு!"

அவரைக் காக்கவென்று அவள் சொன்ன பொய்தானே இப்போது அவரை வீட்டை விட்டே வெளியே இழுக்கிறது! மறுத்தால் அவர் பெயரைச் சொல்ல வேண்டும். கணவனைப் பார்த்தாள். லெனார்ட் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"லென், நீயாவது சொல்லேன்..."

"என்னத்தச் சொல்லச் சொல்ற, ரோஸ்?" அவன் குரல் உடைந்தது. "எனக்கும் பயமாத்தான் இருக்கு."

"பேசறாளா பாரு!" என்று பெர்னிஸ் கத்தினாள். "வாயத் தொறந்து ஒரு மன்னிப்பு! இத்தன நாளா..."

"எதுக்குடி அவளத் திட்டற?"

மூவரும் திரும்பினார்கள். எமில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"வந்ததுலேருந்து கத்திட்டே இருக்க. அவ என்ன பண்ணா?"

"அப்பா, நீங்க உக்காருங்க. உங்களுக்குத் தெரியாது..."

"எனக்கா தெரியாது? அன்னைக்கு அவ்வளவு குளிரு. மரமெல்லாம் ஈரமாவே நிக்குது. உலர்த்தற ரூம்ல மண்ணெண்ணெ அடுப்ப நான்தான் பத்த வெச்சேன். பாவம், இவ ஓடியாந்து, தான் கோட்டு இல்லாம நடுங்கிட்டு, என்னக் கூட்டிட்டு வந்தா." நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். திடீரென்று முகத்தில் கவலை படர்ந்தது. "ஆமா... அந்த அடுப்ப யாராவது அணைச்சீங்களா?"

லெனார்ட்தான் எழுந்து போய் அப்பாவின் தோளைப் பிடித்து உட்கார வைத்தான். "அணைச்சாச்சுப்பா. அன்னைக்கே அணைச்சாச்சு."

"நல்லது," என்றார் அவர் நிம்மதியாக. "பொண்ணுங்க வேல செய்யற எடம்."

பெர்னிஸ் நாற்காலியில் சரிந்தாள். "என்கிட்ட ஏன் சொல்லல, ரோசலி? நான் வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேனே... தேவாலய வாசல்ல, எல்லார் முன்னாலயும்..."

"என்கிட்டக்கூடச் சொல்லலியே!" என்றான் லெனார்ட்.

"சொல்லியிருந்தா பத்தொன்பது நாளா என்னைப் பாத்தீங்களே, அப்படித்தானே அவரப் பாத்திருப்பீங்க?" ரோசலி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நான் தாங்கிப்பேன், லென். அவரால முடியாது."

பெர்னிஸ் காகிதக் கட்டை எடுத்து இரண்டாகக் கிழிக்கப் பார்த்தாள். தடிமனாக இருந்தது, கிழியவில்லை. குப்பைக்கூடையில் திணித்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "ஆனா அவரத் தனியா விடக்கூடாது. கதவுக்குப் புதுப் பூட்டுப் போடணும். செவ்வாயும் வியாழனும் நான் வரேன், நீ வெளிய போ, தூங்கு, என்னமோ பண்ணு. முட்டக்கோஸ் நூடுல்ஸ் நானே செஞ்சு எடுத்துட்டு வரேன்," என்றாள்.

"நீ செய்யறதுல உப்பே இருக்காதே," என்றாள் ரோசலி.

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. இத்தனை நாள் ஒரு சொட்டு விடாதவள், அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்க, வாய்விட்டு அழுதாள். லெனார்ட் நடுச் சமையலறையில் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். எந்த முகத்தோடு கிட்டே போவது?

எமில் மகனை ஏற இறங்கப் பார்த்தார்.

"பொண்டாட்டி அழறா, மரமாட்டம் நிக்கறியே! போய்ப் புடிடா, மடையா!"

அவன் போய்ப் பிடித்துக்கொண்டான்.