கைக்கெட்டிய கொப்பு

கோயில் வாசலில் செருப்புக் காவலில் இருந்த மனிசி மூன்று சோடிகளை எடுத்து வைத்தாள்.

முதலாவது சசிகரனுடையது. அந்தத் தோல் செருப்பில் ஏறி இருந்து துடுப்புப் போட்டால் மூதூருக்கே போய் வரலாம். அடுத்தது அவன் மனைவி பிரியதர்சினியின் தட்டைச் செருப்பு. அதை ஒட்டினாற்போல ஒரு சோடி சிவப்புச் செருப்பு, நாலு வயதுப் பிள்ளையின் அளவில். ஒரு வாரில் றப்பர்ப் பூ இருந்தது. மற்ற வாரில் பூ இருந்த ஓட்டை மட்டும்.

“அம்மா, இது எங்கட இல்லை,” என்றாள் பிரியதர்சினி.

“நான் செருப்புக்குத் துண்டு தரேக்கை மூண்டு பேரும் நிண்டனீங்கள்தானே,” என்றாள் மனிசி. அவள் கண்கள் பிரியதர்சினியின் இடுப்பளவில், வலப்பக்கமாக, எதையோ பார்த்துச் சிரித்தன.

“சும்மா தாறா, வாங்கி வையுமன்,” என்றான் சசிகரன். “எப்பிடியும் எங்களுக்குத் தேவைப்படும்.”

“வேண்டாம்,” என்றாள் அவள். சொன்ன வேகத்தில் அவளுக்கே வியர்த்தது.

கைப்பைக்குள் என்ன இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியாது.

இரண்டு பிள்ளைகள் மூன்றாம் மாதம் தாண்டாமலே போய்விட்டன. இப்போது வயிற்றில் இருப்பது தாண்டியிருந்தது. முந்தநாள் கொழும்பில் ஸ்கான் எடுத்தபோது டொக்டர் இதயத் துடிப்பைக் கேட்க வைத்தார். குதிரை ஓடுகிற சத்தம். ஒரு குதிரையா, ஒரு பட்டாளமே போனது! சசிகரன் அழுத அழுகையில் அந்த அறை நனைந்தது. நாலாம் மாதம் தொடங்கினால் திருக்கோணமலைக் கோயிலுக்கு வந்து மலை விளிம்பு மரத்தில் தொட்டில் கட்டுவதாக அவள் நேர்ந்திருந்தாள்.

வந்து பார்த்தால், இலங்கையில் பிள்ளை வேண்டி நிற்கிற சனம் முழுக்க அவளுக்கு முன்னமே வந்துபோயிருந்தது. அந்த மரத்தில் இலையைவிடத் தொட்டில் கூட. கையை உயர்த்தி எட்டக்கூடாது என்று டொக்டர் நூறு தரம் சொல்லியிருந்தார். எட்டாமல் கட்டக்கூடியதாக ஒரேயொரு கொப்புத்தான் தாழ்ந்து நின்றது. அதன் நுனியில் ஏற்கெனவே ஒரு தொட்டில். உள்ளங்கையளவு பலகை, மழையில் சாம்பல் பூத்து, சிவப்புத் துணியில் ஏழு முடிச்சு. பழசுதானே. கட்டினவளின் பிள்ளை இதற்குள் பிறந்து பள்ளிக்கூடமும் முடித்திருக்கும். சசிகரன் மான்களுக்குப் பழத்தட்டு வாங்கப் போன நேரம் அவள் ஏழு முடிச்சையும் அவிழ்த்தாள். தன் மஞ்சள் தொட்டிலைக் கட்டினாள். மற்றதை நிலத்தில் போட மனம் வராமல் பையில் வைத்தாள். அவ்வளவுதான் நடந்தது.

கோட்டைக்குள் இறங்குகிற வழியில் மான்கள் சசிகரனை வளைத்துக்கொண்டன. அந்த ஊர் மான்களுக்கு வெட்கம் கிடையாது. விட்டால் சட்டைப்பையைக் கிழித்து அடையாள அட்டையையும் தின்னும். கொம்பன் ஒன்று தட்டில் வாய் வைக்கப் போனது. வைக்கவில்லை. தலையை நிமிர்த்தியது. ஒவ்வொன்றாக எல்லாமே நிமிர்ந்து, அவளுடைய வலப்பக்கத்தில் வெறும் நிலத்தைப் பார்த்தன. பிறகு பின்பக்கமாகவே நடந்து விலகின. பப்பாசித் துண்டுகள் தட்டில் கிடந்தபடி கிடந்தன.

“இதுகளுக்கு வயித்தாலை போகுதாக்கும்,” என்றான் சசிகரன். “நல்லது. நாங்கள் சாப்பிடுவம்.”

ஊரை நடந்து பார்க்காதவன் பார்க்காதவன்தான் என்பது அவன் கொள்கை. என்ன தின்பது, எந்த வரிசையில் தின்பது என்று கொழும்பிலேயே எழுதி வந்திருந்தான். கடற்கரைத் தெருவில் இறால் வடை வண்டி. எண்ணெய் கொதிக்கிற மணம் அரை மைல் தூரத்திலிருந்தே அவனை மூக்கில் பிடித்து இழுத்தது. வண்டிக்காரி றம்ஸியா மூன்று வடைகளைக் கடதாசியில் வைத்து, ஒன்றை மட்டும் ஊதி ஊதி ஆற்றினாள்.

“ரெண்டுதானே கேட்டனாங்கள்,” என்றாள் பிரியதர்சினி.

“இது புள்ளைக்கு. உறைப்புப் போடல்ல.”

“எந்தப் பிள்ளை?”

றம்ஸியா சிரித்தாள். “நல்ல தாய்தான் தங்கச்சி! ஒங்கட சீலைத் தலைப்பப் புடிச்சிக்கிட்டு நிக்கிற புள்ளயத்தான் சொல்றன். முகம் வாடிப்போய்க் கிடக்கு.”

பிரியதர்சினி திரும்பவில்லை. கடற்காற்று இடப்பக்கமிருந்து அடித்துக்கொண்டிருந்தது. தலைப்பு வலப்பக்கம், கீழ்நோக்கி, விறைப்பாக நின்றது.

சசிகரன் இரண்டு வடையும் தின்று, மூன்றாவதையும் தின்னக் கை நீட்டினான். கடதாசியில் எண்ணெய் வட்டம் மட்டும் இருந்தது.

“நீரே திண்டனீர்?”

“ஓம்,” என்றாள். வேறு என்ன சொல்ல?

மீன் சந்தைக்குள் நடந்தார்கள். கழுவின சீமெந்து, ஐஸ் உருகி ஓடுகிற வாய்க்கால், அறக்குளா மீன் வெட்டுகிற கத்தியின் சத்தம், எல்லாவற்றுக்கும் நடுவில் அவளுக்குப் பின்னால் ஈரத்தில் சப்பு சப்பென்று குட்டிக் கால்கள். அவள் நின்றால் அவையும் நின்றன. பை கனத்தது. உள்ளங்கையளவு பலகை, அரிசி மூட்டையைப்போலத் தோளை அறுத்தது.

அப்போதுதான் சீலை வழுகியது.

காலையில் உள்பாவாடை நாடா எட்டாமல், நுனியோடு நுனி முடிந்திருந்தாள். தழும்பு விழுகிற இறுக்கம். அந்த இறுக்கத்தில் அவளுக்கு எவ்வளவு பெருமை! இப்போது நாடாவுக்கும் வயிற்றுக்கும் இடையில் இரண்டு விரல் போனது.

மூன்று விரல்.

துறைமுகப் பக்கத்துத் தேநீர்க் கடையில் அவளை இருத்தினான் சசிகரன். கடைக்காரர் கலீலுர் றஹ்மான் இரண்டு கதிரைக்கு நடுவில் ஒரு குட்டிக் கதிரையைக் கொண்டுவந்து போட்டார். அதன்மேல் ஒரு குட்டித் தலையணை.

“எட்டாதுதானே,” என்றார் அன்பாக. “மகளுக்குப் பால்தேத்தண்ணி ஆத்தித் தாறன்.”

அவள் சசிகரனைப் பார்த்தாள். அவன் இப்போது சிரிப்பான். கடைக்காரரை ‘நானா’ என்று கூப்பிட்டு, எங்களுக்குப் பிள்ளை இல்லை என்பான். அவன் சொன்னால் போதும்.

சசிகரன் குட்டிக் கதிரையைப் பார்த்தான். நெற்றியைச் சுருக்கினான், மறந்த பெயரை யோசிக்கிறவன்போல. பிறகு முகம் மெல்ல மலர்ந்தது.

“சீனி குறைச்சுப் போடுங்கோ நானா,” என்றான். “இவளுக்குப் பல்லுச் சூத்தை.”

அவள் எழுந்தாள். கதிரை சரிந்தது.

“இஞ்சருங்கோ, நான் கோயிலுக்குப் போறன். எங்கட தொட்டிலைக் கட்ட, அங்கை இருந்த பழைய தொட்டில் ஒண்டை அவிட்டுப்போட்டன். திருப்பிக் கட்ட வேணும்.”

“எங்கட தொட்டிலெண்டால் எது?”

“எங்கட பிள்ளைக்குக் கட்டினது!”

“எங்கட பிள்ளைக்கு என்னத்துக்கு இனித் தொட்டில்? ஓடித் திரியிறாள்.”

நடந்தாள். பிறகு ஓடினாள். ஒரு கையில் சீலையின் கொய்யக மடிப்பு, ஒரு கையில் பை. பள்ளிவாசலில் மாலை மஃரிப் பாங்கு தொடங்கியது. கோட்டை வாசல். மான்கள் விலகின. ஏற்றம். மூச்சு. நாலு விரல். கை முழுக்கவே போனது. உள்ளே வயிறு தட்டையாக, குளிர்ந்து கிடந்தது.

செருப்போடேயே மேலே ஏறினாள். பையைத் திறந்தாள். பழைய தொட்டில் இல்லை. சிவப்புத் துணி மட்டும். ஒரு முடிச்சும் இல்லாமல்.

மரம் தெரிந்தது. காற்றே இல்லை. ஆயிரம் தொட்டில்களும் அசையாமல் நின்றன. தாழ்ந்த கொப்பில் மஞ்சள் தொட்டில் மட்டும் ஆடியது. பாரத்தோடு ஆடியது. அதற்குள்ளிருந்து கேட்டது.

குதிரை ஓடுகிற சத்தம்.

கொப்பின் கீழ் ஒரு பெண் நின்றாள். கையில் புதுத் தொட்டில். முப்பது வயதிருக்கும். மேலே பார்த்தாள். மற்றக் கொப்பு ஒன்றும் எட்டவில்லை. சுற்றிவரப் பார்த்தாள். யாரும் கவனிக்கவில்லை. அவள் விரல்கள் மஞ்சள் முடிச்சுக்குப் போயின.

“தொடாதேங்கோ!”

அந்தப் பெண்ணுக்குக் கேட்கவில்லை. பிரியதர்சினி பாய்ந்தாள். தலைப்பு பின்னால் இறுகியது. சின்னப் பிடி. இரும்புப் பிடி.

“பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடாதையும்,” என்றான் சசிகரன், பின்னால், மூச்சு வாங்கியபடி. “விழுந்திடுவாள்.”

குனிந்து பார்த்தாள். அவளுடைய செருப்புக்குப் பக்கத்தில், ஒட்டினாற்போல, ஒரு சோடி சிவப்புச் செருப்பு. ஒன்றில் றப்பர்ப் பூ. மற்றதில் ஓட்டை. உள்ளே நின்ற கால்கள் மழையில் கிடந்த பலகையின் நிறம்.

முதல் முடிச்சு அவிழ்ந்தது. இரண்டாவது.

அந்தப் பெண் மஞ்சள் தொட்டிலைக் கையில் எடுத்தாள். நிலத்தில் போடப் பார்த்தாள். மனம் வரவில்லை. தன் பைக்குள் வைத்தாள்.

பையின் சிப்பை இழுத்து மூடினாள்.

குதிரை ஓடிய சத்தம் நின்றது.