நாலாவது தோள்

சாவதற்கு அனுமதி கேட்டு வந்த வடிவாம்பாளிடம் முடிப்பகத்து இயந்திர எழுத்தர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டது.

"உங்களைத் தூக்க நாலு பேர் இருக்கிறார்களா?"

மூவாமருந்து வந்தபின் முதுமை என்பதே ஒழிந்துவிட்டது. வருடத்துக்கு ஒரு சொட்டு போதும், முந்நூறு வயதுக்காரியும் முப்பதாகத் தெரிவாள். நிறுத்தினால் ஒரே மாதத்தில் உயிர் அடங்கிவிடும். நிறுத்துவதைச் சட்டமும் தடுக்கவில்லை. ஆனால் பாடையைத் தோளில் சுமக்க நாலு பேர் நேரில் வந்து கைரேகை வைக்க வேண்டும். இயந்திரம் தூக்கக்கூடாது. நாலு பேர் இருக்கிறவருக்குச் சாகத் தோன்றாது, இல்லாதவரால் சாக முடியாது என்பது சட்டம் போட்ட புத்திசாலிகளின் எண்ணம். நல்ல எண்ணம்தான், போங்கள்!

வடிவாம்பாளுக்கு யார் இருந்தார்கள்? கணவனும் அவளும் சண்டை போட்டுப் பிரியவில்லை. நூற்றைம்பது வருடத்தில் பேச்சு தீர்ந்துபோயிற்று, அவ்வளவுதான். மகனைத் திரையில் அழைத்தாள்.

"என்னம்மா அவசரம்? ஒரு அம்பது வருசம் போகட்டும், வாரேன்" என்றான்.

போன முறையும் இதையேதான் சொன்னான். எல்லோரிடமும் காலம் கொட்டிக் கிடந்தது. அதனாலேயே யாரும் யாரையும் பார்க்கப் போகவில்லை.

முடிப்பகத்து வாசலில் அவள் விழித்துக்கொண்டு நின்றபோது ஒருவன் கிட்டே வந்தான். பெயர் இசக்கிமுத்து.

"எக்கா, ஆளு கிடைக்கலையோ? நாங்களும் அதே கேசுதான். நாங்க நாலு பேரு இருக்கோம். ஒருத்தர் போணும்னா தூக்க மூணு பேருதான மிச்சம்? நீங்க சேந்தா சரியாப்போச்சு!"

முகத்தை வைத்து யார் மூத்தவர் என்று சொல்ல முடியாத உலகத்தில் ஒருவன் அக்கா என்கிறான். வடிவாம்பாள் அவன் பின்னாலேயே நடந்தாள்.

டீக்கடையில் திருவுளச்சீட்டுப் போட்டார்கள். முதலில் போகிற பாக்கியம் வடிவாம்பாளுக்கே விழுந்தது. பாடை தூக்கி யாருக்குமே பழக்கமில்லை. அதனால் தினமும் சாயங்காலம் மூங்கிலில் வாழைத்தண்டைக் கட்டி, மாறி மாறித் தோள்கொடுத்து ஒத்திகை பார்த்தார்கள். முதல் நாள் தண்டு உருண்டு சாக்கடையில் விழுந்தது. வயிறு வலிக்கச் சிரித்தார்கள். "சாப்ட்டேளா எக்கா?" என்று இசக்கிமுத்து தவறாமல் கேட்டான். அந்த ஒரு கேள்விக்காகவே அவள் மத்தியானத்திலிருந்து காத்திருந்தாள்.

கைரேகை வைக்கும் நாளும் வந்தது. மற்ற மூவரும் வைத்துவிட்டார்கள். இசக்கிமுத்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"எக்கா, நீங்க போவப்பிடாது."

கணவன் சொல்லாதது, மகன் சொல்லாதது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ஏன் தம்பி?"

"நீங்க போய்ட்டா நாங்க பழையபடி நாலு பேருலா? பொறவு என்னத் தூக்க மூணு தோளுதான இருக்கும்?"

மூவரும் திடுக்கிட்டு, வைத்த ரேகையை அழித்தார்கள்.

"அப்ப நீ முதல்ல போ" என்றாள் வடிவாம்பாள்.

"அப்ப நாங்க?" என்று மூவரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

"இன்னும் ஆளச் சேப்போமே" என்றாள் வடிவாம்பாள்.

"ஊரையே சேத்தாலும் கடைசி நாலு பேரு மாட்டிக்கிடுவோம் எக்கா. அந்த நாலுல ஒருத்தனா இருக்க யாரு சம்மதிப்பா?" என்றான் இசக்கிமுத்து.

இயந்திர எழுத்தர் அடுத்தவரை அழைத்தது.

வீட்டுக்கு வந்து அவள் வாய்விட்டு அழுதாள். அவனுக்கு வேண்டியிருந்தது அவள் அல்ல, அவள் தோள். ஆனாலும் இத்தனை வருடத்தில் அவளைப் போகாதே என்று சொன்னது அவன் ஒருவன்தானே?

அந்த வருடத்துச் சொட்டை நாக்கில் விட்டுக்கொண்டாள். மறுநாள் சாயங்காலம் டீக்கடைக்குப் போனபோது நால்வரும் ஏற்கெனவே வந்திருந்தார்கள். மூங்கில் தயாராக இருந்தது.

"சாப்ட்டேளா எக்கா?" என்றான் இசக்கிமுத்து.

"ஆச்சு" என்று சொல்லிவிட்டு அவள் தோளைக் கொடுத்தாள்.