வீட்டுத் தலைவியின் அனுமதி

“அந்தச் சிவப்பு வரியை மட்டும் தொடாதே.”

“ஏன், கடிச்சிடுமா?”

“சொன்னா கேளு. கடைக்கு எழுது, அடுப்புக்கு மணி வை, செடிக்குத் தண்ணி விட ஞாபகப்படுத்தச் சொல்லு. என்ன வேணா பண்ணு. அது ஒண்ணு மட்டும் வேணாம்.”

“நாலு கண்ணு இருக்கிறவகிட்ட ஒண்ணை மட்டும் பாக்காதேன்னா எப்படிங்க?”

சொல்லிவிட்டு மூக்குக் கண்ணாடியை விரலால் மேலே தள்ளினாள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் வேலை அவளுக்கு. மற்ற நாளாக இருந்தால் அவன் சிரித்திருப்பான். இப்போது சிரிக்கவில்லை. குளிர்சாதனப் பெட்டியின் பக்கவாட்டில் காந்தச் சட்டத்தில் ஒட்டியிருந்த டேப்லெட்டைப் பார்த்தபடியே நின்றான்.

கல்யாணமாகிப் பதினோரு நாள். அவள் இந்த மூன்றாம் மாடி வீட்டுக்குக் குடிவந்து மூன்று நாள். அவனுக்கு இது இரண்டாவது கல்யாணம். முதல் மனைவி இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது.

திரையில் வீட்டை நடத்தும் செயலி ஒன்று திறந்திருந்தது. இடப்பக்கம் கடைப் பட்டியல். நடுவில் யாருக்கு என்ன வேலை என்ற அட்டவணை. கீழே ‘வீட்டில் இருப்பவர்கள்’ என்று சின்னச் சின்னப் படங்கள். லிஃப்ட் மெக்கானிக்கான அவனுக்கு ஒரு ஸ்பேனர். ஆறு வயது மகள் குட்டிக்கு மஞ்சள் வாத்து. புதிதாக வந்தவளுக்குப் படம் எதுவும் இல்லை, சாம்பல் நிற வட்டம் மட்டும். அதன் அடியில் ‘விருந்தாளி’ என்று இருந்தது. எல்லாருக்கும் மேலே ஊதா நிறக் குடை ஒன்று. ‘வீட்டுத் தலைவி’.

“அக்காவோடதா?” என்று கேட்டாள். பார்த்தே இராத ஒருத்தியை அக்கா என்று சொல்லும்போது நாக்கு கொஞ்சம் இடறியது.

“ம். ஒருத்தரைக் குடும்பத்துல சேக்கணும்னாலும் வேலையை மாத்தி எழுதணும்னாலும் அவதான் அனுமதி கொடுக்கணும். பாஸ்வேர்ட் அவளோடயே போயிடுச்சு. அதான் உன்னை விருந்தாளியா போட்டேன்.”

“நல்லா இருக்கு. தாலி கட்டிக் கூட்டிட்டு வந்து விருந்தாளிங்கறீங்க.”

சிவப்பு வரியில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: குளியலறை கழுவுதல். வியாழன், மாலை 3. தாமதம், 551 நாள்.

அவன் மெல்லச் சொன்னான். அன்றைக்கு மூன்று மணிக்கு முதல் மனைவி கதவைச் சாத்திக்கொண்டு கழுவப் போனாள். கறை போகவில்லையென்று தரை கழுவும் மருந்து இரண்டு புட்டியையும் ஒன்றாகக் கொட்டிவிட்டாள். புகையில் மூச்சு அடைத்தபோது தாழ்ப்பாளைத் திறக்கக் கைக்குத் தெம்பு இருக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு அவன் அப்படி ஒரு புட்டியை வாங்கியதே இல்லை. குளியலறையின் உள்தாழ்ப்பாளையும் கழற்றி எறிந்துவிட்டான். கதவின் உட்புறம் நான்கு ஆணித் துளைகள் மட்டும் மிச்சம்.

“அவ போனதை ஊருக்கெல்லாம் சொன்னேன். இதுக்கு மட்டும் சொல்லலை,” என்றான், டேப்லெட்டைக் காட்டி. “எல்லாரும் அவங்கவங்க தினப்படி வேலையை முடிச்சு டிக் போட்டா வாரக் கடைசியில திரையில ஒரு வாத்துக் குஞ்சு வரும். அம்மா டிக் போடலைன்னா குஞ்சு வராதேன்னு குட்டி அழுதா. அதனால ராத்திரி அவ போனை எடுத்து, இந்தச் சிவப்பு வரியை விட்டுட்டு மத்ததுக்கெல்லாம் நானே டிக் போட்டுக்கிட்டு இருந்தேன்.”

“இப்பவும் போடறீங்களா?”

“எங்க? ஆறு மாசத்துக்கு முன்னாடியே அந்தப் போன் தண்ணியில விழுந்து செத்துப்போச்சு.”

அவள் அட்டவணையைப் பார்த்தாள். குடைக்கு நேரே நேற்றும் டிக். இன்று காலையும் டிக்.

“அப்ப இதெல்லாம் யாரு?”

“அதுவா விழுது. மெஷின்னா அப்படித்தான். பழக்கிட்டா தானா ஓடும்.”

சட்டைப்பையில் ஸ்க்ரூடிரைவரைச் செருகிக்கொண்டு அவன் வேலைக்குப் போய்விட்டான்.

அவளுக்கு அந்தச் செயலி பிடிக்காமல் இல்லை. மறதிக்காரி அவள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மணி வைத்தால் அது தவளை போலக் கத்திக் கூப்பிடும். துணி துவைத்து முடிந்தால் சொல்லும். எதை எப்படித் தட்டுவது என்று குட்டிதான் முக்காலியில் ஏறி நின்று கற்றுக்கொடுத்தாள். “சித்தி, அங்க இல்ல, இங்க. உங்களுக்கு ஒண்ணுமே தெரியல,” என்று பெரிய மனுஷி போல அலுத்துக்கொள்வாள்.

முதலில் கடைப் பட்டியலில்தான் தொடங்கியது.

அவள் பூண்டு என்று எழுதுவாள். கை துடைத்துவிட்டுத் திரும்பினால் அந்தச் சொல்லின் குறுக்கே கோடு அடித்திருக்கும். நீலத் திரைச்சீலை என்று எழுதினாள். அடித்திருந்தது. மூன்றாவது தடவை, அடித்த வரிக்குக் கீழே புதிதாக ஒரு வரி இருந்தது: விருந்தாளிக்குப் பெட்டி, 1.

“பொண்டாட்டியைத் துரத்தணும்னா நேரா சொல்லணும், பட்டியல்ல எழுதக் கூடாது,” என்று இரவு அவனிடம் சண்டை பிடித்தாள். தான் அதைத் தொடவே இல்லை என்று அவன் மகளின் தலைமேல் கைவைத்துச் சொன்னான்.

“அம்மாவுக்குப் பூண்டு வாசனை பிடிக்காது சித்தி,” என்றாள் குட்டி, சாப்பிட்டுக்கொண்டே. யாரும் அவளைக் கேட்கவில்லை.

பிறகு மணிகள். பத்து நிமிடம் என்று வைத்தால் மூன்றாவது நிமிடத்தில் கத்தும். இருபது என்று வைத்தாலும் மூன்றில்தான். பகல் வேளையில் வீட்டில் தனியாக இருக்கும்போது, குளியலறைப் பக்கமிருந்து ஒரு நெடி வந்து மூக்கின் அடியில் ஊசி போலக் குத்தும். நீச்சல் குளத்துத் தண்ணீரின் நெடி. போய்ப் பார்த்தால் தரை உலர்ந்து கிடக்கும். குழாய்கூடச் சொட்டாது. வாளி மட்டும் சில நாள் வேறு மூலையில் இருக்கும்.

இதையெல்லாம் அவள் தாங்கிக்கொண்டாள். குட்டிக்காகத்தான். சித்தி என்று கூப்பிட்டுக்கொண்டே அந்தப் பெண் பாயின் ஓரத்திலிருந்து தினம் ஒரு சாண் நகர்ந்து நகர்ந்து அவள் முதுகோடு ஒட்டிக்கொள்ளத் தொடங்கியிருந்தாள். ‘இவளுக்கு நான் வேணும்’ என்ற நினைப்பு, கடையில் லென்ஸை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்க்கும்போதெல்லாம் வந்து போகும். அப்போது வெளிச்சம் இரண்டாக உடைந்து சேரும்.

ஒரு புதன்கிழமை காலை. சமையலறையில் முக்காலியில் உட்கார வைத்துப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். குட்டி பாதித் தூக்கத்தில் தலையை அவள் வயிற்றில் சாய்த்துச் சொன்னாள்: “இழுக்காதம்மா, வலிக்குது.”

அம்மா.

அவள் கை அப்படியே நின்றது. கண் நிறைந்தது.

பின்னால் டேப்லெட் ஒரே ஒரு தடவை ‘டிங்’ என்றது.

திரும்பிப் பார்த்தாள். 551 என்று தொடங்கி நாளுக்கு ஒன்றாக ஏறிக்கொண்டிருந்த சிவப்பு வரியில் இப்போது எண்ணே இல்லை. ‘குளியலறை கழுவுதல். வியாழன், மாலை 3. நாளை.’ அதன் பக்கத்தில் இருந்த ஊதாக் குடை போய்விட்டது. அங்கே ஒரு சாம்பல் வட்டம்.

பின்னலை அவசரமாக முடிந்தாள்.

குட்டியைப் பள்ளி வண்டியில் ஏற்றிவிட்டு ஓடிவந்து அவனுக்குப் போன் செய்தாள். எதிர்முனையில் கம்பி உரசும் சத்தம். “லிஃப்ட் குழிக்குள்ள இருக்கேன். வந்து பாக்கறேன். நீ அதைத் தொட்டுத் தொலைக்காதே.” வைத்துவிட்டான்.

அவள் திரையின் முன்னால் நின்றாள். நெடி அடுப்படி வரைக்கும் வந்துவிட்டிருந்தது.

“என் தலையில கட்டப் பாக்கறீங்களா அக்கா?” என்றாள் சத்தமாக. பயம் மெல்ல ஆங்காரமாக மாறியது. “உங்க வேலையை நான் ஏன் செய்யணும்?”

வரியின் மேல் விரலை அழுத்தினாள். தன் பேரில் விழுந்த வேலையில் விருந்தாளிக்கு அந்தச் செயலி கொடுத்திருந்த உரிமை இரண்டே இரண்டு. ‘முடிந்தது’ என்று ஒரு பொத்தான். ‘வேறொருவருக்கு’ என்று ஒரு பொத்தான்.

‘வேறொருவருக்கு’ என்பதைத் தட்டினாள்.

வரியின் ஓரத்தில் ஒரு சின்னச் சக்கரம் சுழன்றது. அது எங்கே போய் நிற்கிறதென்று பார்க்கப் பிடிக்காமல் டேப்லெட்டைச் சட்டத்திலிருந்து கழற்றி, கவிழ்த்து, மேலே ஒரு துணியும் போட்டு மூடினாள். கையை மூன்று தடவை கழுவினாள். வேலை குடைக்கே திரும்பிப் போயிருக்கும் என்று நினைத்தாள். அன்றிரவு அவன் வந்து கேட்டதற்கு, “ஒண்ணும் இல்ல, சரியாயிடுச்சு,” என்று சொல்லிவிட்டாள்.

வியாழனன்று காலையிலிருந்தே மழை. அவள் காலை ஷிஃப்ட் முடிந்து வந்தபோது வாசற்படியில் அட்டைப்பெட்டி ஒன்று இருந்தது. அனுப்பியவர் பெயர் நனைந்து அழிந்திருந்தது. தூக்கியபோது உள்ளே எதுவோ கனமாக இடித்துக்கொண்டது. அவனுடைய கருவி ஏதாவது இருக்குமென்று கூடத்து நாற்காலியில் வைத்தாள். இரண்டரைக்குக் குட்டி வந்தாள். ஈர உடையை மாற்றிவிட்டு, ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுத்து, அவள் துணி மடிக்க உள்ளே போனாள்.

மழை மேகம் கவிந்து பகலிலேயே கூடம் இருட்டிக் கிடந்தது. வெளியே மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது.

அதற்குள்ளே இன்னொரு தண்ணீர்ச் சத்தம். வாளியில் விழும் தண்ணீர்.

“குட்டி?”

பதில் இல்லை. கூடத்துக்கு வந்தாள். தட்டில் பாதிக் கடித்த ரொட்டி. நாற்காலியின் மேல் அட்டைப்பெட்டி வாய் பிளந்து கிடந்தது.

உள்ளே எதுவும் இல்லை.

அட்டையில் பக்கத்துக்கொன்றாக இரண்டு வட்டத் தடங்கள், இரண்டு புட்டியின் அடிப்பாகம் அளவுக்கு.

சமையலறையில் டேப்லெட் தவளை போலக் கத்தியது. துணியை வீசி அதைத் திருப்பினாள்.

கடைப் பட்டியலின் கடைசியில்: புட்டி, 2. வாங்கியாச்சு.

அட்டவணையில் சிவப்பு வரி. குளியலறை கழுவுதல். இன்று, மாலை 3.

பக்கத்தில் மஞ்சள் வாத்து.

மணி இரண்டு ஐம்பத்தெட்டு.

டேப்லெட்டைக் கையில் பிடித்தபடியே ஓடினாள். குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. தோளால் இடித்தாள். தாழ்ப்பாளே இல்லாத அந்தக் கதவு, உள்ளே தாழிட்டது போல இறுகி நின்றது.

“குட்டி! கதவைத் திற கண்ணு!”

“வேலை செய்யறேன் சித்தி.” குரலில் ஒரு பெருமை. “என் பேர் வந்திருக்கு.”

“அதெல்லாம் நீ செய்ய வேணாம். கதவை இழு, வெளிய வா.”

“அம்மா தாழ்ப்பா போட்டுட்டாங்க.”

அவள் கதவில் காதை வைத்தாள்.

“நான் உங்களை அம்மான்னு கூப்பிட்டேன்ல. அதுக்கு அம்மா அழறாங்க. கூடவே இருன்னு சொல்றாங்க.” கொஞ்சம் நின்று, கிசுகிசுப்பாக: “மூடி ரொம்ப இறுக்கமா இருக்கு. அம்மா கை வச்சுத் திருப்பறாங்க.”

காலால் உதைத்தாள். முக்காலியைத் தூக்கி அடித்தாள். முக்காலியின் கால் முறிந்தது. கதவில் ஒரு கீறல்கூட விழவில்லை. அவனுக்குப் போன் செய்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. அக்கம்பக்கம் கேட்கக் கத்தினாள். மழை அதைத் தின்றுவிட்டது.

கதவிடுக்கு வழியாக நெடி கசியத் தொடங்கியது.

டேப்லெட்டைத் தரையில் போட்டு மண்டியிட்டாள். கண்ணாடியில் நீர் படர்ந்து எழுத்து கலங்கியது. வாத்தின் மேல் அழுத்தினாள். கொடுத்துவிட இருந்ததே ஒரு பொத்தான், திரும்ப வாங்கிக்கொள்ள இல்லையா? கீழே, கீழே தள்ளினாள். மங்கலான எழுத்தில் அது இருந்தது.

‘இந்த வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். விருந்தாளிகளுக்கு வீட்டுத் தலைவியின் அனுமதி தேவை.’

தட்டினாள்.

‘கோரிக்கை அனுப்பப்பட்டது.’

இரண்டு ஐம்பத்தொன்பது.

உள்ளே பிளாஸ்டிக் மூடி ஒன்று தரையில் விழுந்து உருண்டது. ஒரு சின்ன இருமல்.

திரையின் மேலே ஊதாக் குடைக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி ஒளிர்ந்தது. ‘வீட்டில் இருக்கிறார்.’

அடியில் எழுத்து மாறியது. ‘உங்கள் கோரிக்கை பார்க்கப்பட்டது.’

இரண்டாவது மூடி உருண்டது.

அவள் நெற்றியைக் கதவில் பதித்தாள். மரத்தின் அந்தப் பக்கம், அதே உயரத்தில், எதுவோ ஒன்றும் வந்து சாய்ந்தது. மரம் சில்லிட்டது.

“அக்கா,” என்றாள். இந்தத் தடவை நாக்கு இடறவில்லை. “நான் போயிடறேன். இந்த வீடு உங்களோடதுதான். அவளும் உங்க பொண்ணுதான், நான் ஒண்ணும் பிடுங்கிக்கலை. ஆனா அந்த வேலை மட்டும் அவளுக்கு வேணாம்க்கா. அதை என் பேருக்கு மாத்துங்க. அக்கா… கேக்குதா? என் பேருக்கு மாத்திடுங்க…”