அழித்தாலும் திரும்பி வந்த வரி

ரொஷேல் அந்த வரியை அழித்துவிட்டுப் போய்த் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்து பார்த்தபோது, அது திரும்பவும் அங்கேயே இருந்தது. நிரலைப் பொறுத்திருக்கச் சொல்லும் சின்னக் கட்டளை. யாருக்கும் தேவையில்லாதது. ஆனால் அது இருக்கும்வரை நிரல் அந்த இடத்தை விட்டு நகராது.

அன்று பௌர்ணமிப் போயா விடுமுறை. வெள்ளவத்தையில் ரயில் பாதையைப் பார்த்தபடி இருந்த அந்த மாடி அலுவலகத்தில் அவளைத் தவிர யாருமில்லை. மறுநாள் காலை வாடிக்கையாளருக்கு நிரலை இயக்கிக் காட்ட வேண்டும். பிசகினால் ஒப்பந்தம் போய்விடும், எல்லோருக்கும் வேலையும் போய்விடும். பைத்தனில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்ததை ரஸ்ட் மொழிக்கு மாற்றச் சொன்னவன் குழுத் தலைவன் முஸ்அப். அதுதான் வேகமாம். அந்த வேலை முடியுமுன் நிரல் எழுத ஒரு புது எடிட்டர். அதன் பிறகு எழுதியதைத் தானே ஒழுங்குபடுத்தும் கருவி, அடுத்த வரியைத் தானே ஊகித்துத் தரும் கருவி. ஒன்றைப் பழகுவதற்குள் இன்னொன்று. அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

இதுவும் அந்தக் கருவிகளில் ஒன்றின் சேட்டைதான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் நிறுத்தினாள். வரியை மறுபடி அழித்தாள். மழைக்கு வானம் இருட்டிக்கொண்டு வந்தது. யன்னல் இடுக்கால் புகுந்த கடற்காற்று உப்பையும் தண்டவாளத்தின் துரு வாடையையும் உள்ளே கொண்டுவந்து மேசைகளின் மேல் பரப்பியது. பாணந்துறைப் பக்கம் போன ரயிலின் அதிர்வில் தேநீர்க் கோப்பை கிணுகிணுத்து அடங்கியது. திரையைப் பார்த்தாள்.

வரி வந்திருந்தது.

எந்த வரியை யார் எழுதியது என்று காட்டும் கிட் பிளேமை ஓட்டினாள். எழுதியவர்: திலக்ஷன். இன்று. சற்று முன்.

திலக்ஷன் அவளுக்குப் பின்மேசையில் இருந்தவன். கிருலப்பனையைச் சேர்ந்த பொடியன். வெசாக் பண்டிகைச் சமயத்தில், ஃபோனைப் பார்த்தபடி கீழே தண்டவாளத்தைக் கடந்தவனை ரயில் அடித்துவிட்டது. செத்தவீட்டில் பெட்டியைத் திறக்கவேயில்லை.

முஸ்அப்புக்கு ஃபோன் எடுத்தாள்.

"திலக்ஷன்ட அக்கவுண்டை மூடினனீங்களா?"

"அப்பவே மூடிட்டேனே. ஏன்?"

"அவர்ட பேரில இப்ப ஒரு லைன் வந்திருக்கு."

"டூல் ஏதும் குழம்பி ஈக்கும் ரொஷேல். நெட்டக் கழட்டிட்டுப் பாருங்களேன்."

"உங்கட டூல்களோட எனக்கு இனி ஏலாது." ஃபோனை வைத்தாள். வெறும் எரிச்சல்தான் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

இணைய வயரைப் பிடுங்கினாள். வைஃபையை அணைத்தாள். எந்த உதவியும் செய்யத் தெரியாத, வெறும் எழுத்தை மட்டும் காட்டும் பழைய எடிட்டரில் நிரல் இருந்த கோப்பைத் திறந்து வரியை அழித்தாள். பிறகு கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெற்றிடத்தில் ஓர் எழுத்து விழுந்தது.

பிறகு இன்னொன்று. அடுத்த எழுத்து பிழை. தயங்கியது. அழிந்தது. சரியாக விழுந்தது.

அந்தச் சொல்லில் எப்போதும் தடுக்குவது திலக்ஷன். பக்கத்தில் நின்று அவள் எத்தனையோ தரம் சிரித்திருக்கிறாள்.

ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சத்தம். டக். டக். அவளுடைய விசைப்பலகையில் அல்ல. முதுகுக்குப் பின்னால்.

பின்மேசையில் விசைப்பலகையே இல்லை. அவன் செத்த வாரமே எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள்.

அவள் திரும்பவில்லை. மடிக்கணினியை அறைந்து மூடினாள். சத்தம் நின்றது.

துரு வாடை கூடியிருந்தது. யன்னலில் இருந்து வரவில்லை. அருகில். காதோரம்.

எழுந்தாள். பையை எடுக்கவில்லை. சுவரில் முதுகை ஒட்டியபடி கதவுவரை பக்கவாட்டில் நகர்ந்தாள். கைப்பிடி கையில் பட்டது. சுழற்றினாள். திறக்கவில்லை.

"யேசுவே," என்றாள்.

அவள் விட்டுவந்த நாற்காலி அசைந்தது. இருக்கையின் பஞ்சு மெல்ல அமுங்கியது. ஓர் ஆள் உட்கார்ந்த அளவுக்கு. சக்கரங்கள் கிறீச்சிட்டன. நாற்காலி மேசையோடு ஒட்டிக்கொண்டது.

மூடிய திரை உயர்ந்தது. அதன் வெளிச்சம் வெறும் நாற்காலியின் மேல் விழுந்தது.

டக்.

டக்.

பிறகு அதுவும் நின்றது.

நாற்காலி, அமுங்கியபடியே, மெல்ல மெல்ல அவள் பக்கம் திரும்பியது.