தொடாத கரண்டி

லம்துவான் வந்தபோது கசேம் கால்வாயோர நூடுல்ஸ் கடையில் உட்கார்ந்திருந்தார். காலை பத்து மணி. கிண்ணம் காலியாகி வெகுநேரம் ஆகியிருந்தது. எழுந்திருக்க அவருக்குக் காரணம் எதுவும் தோன்றவில்லை. முப்பத்தோரு வருடப் போலீஸ் உத்தியோகம் அவருக்கு மிச்சம் வைத்தது இரண்டு வலிக்கிற முழங்கால்களையும், யார் எதைச் சொன்னாலும் குறுக்கிடாமல் கேட்கும் பழக்கத்தையும்தான்.

எதிரே ஆரஞ்சு மேல்சட்டையோடு ஒரபின் உட்கார்ந்திருந்தாள். மோட்டார் சைக்கிள் வாடகைக்கு ஓட்டுபவள். நாற்பது வயது. வழக்கு என்று யாராவது வந்தால் சவாரியை விட்டுவிட்டு ஓடிவந்துவிடுவாள்.

"டாக் சனோ ஹோட்டல்ல சமைக்கிறேங்க ஐயா," என்றாள் லம்துவான். சமையலறைச் சூடு ஏறிய முகம், தூங்காத கண்கள். "சாயங்காலம் கடை திறக்கிறதுக்குள்ள போயிடணும்னு முதலாளி சொல்லிட்டாரு."

டாக் சனோ நகரத்தின் பகட்டான தொங்லோ பகுதியில் இருந்தது. வாசலில் வரிசை நிற்கும், சாப்பாட்டைப் படமெடுத்த பிறகே சாப்பிடுவார்கள். முந்தின நாள் மாலை அங்கே பிம்லடா என்ற இளம்பெண் கணவனோடும் மாமியாரோடும் சாப்பிட உட்கார்ந்தாள். இறால் அவளுக்கு ஆகாது. அதை முன்பே சொல்லியிருந்தார்கள். லம்துவான் இறால் விழுது சேர்க்காமல், தனி உரலில் மசாலா இடித்து, அவளுக்கென்று கோழி போட்டுப் பச்சை நிறக் குழம்பு வைத்தாள். இரண்டு வாய் சாப்பிட்டதும் அந்தப் பெண்ணின் உதடு வீங்கியது, மூச்சு இழுத்தது. ஆம்புலன்ஸ் வந்தது. உயிர் பிழைத்துவிட்டாள்.

"அந்தக் குழம்பத் தவிர அந்தப் பொண்ணு எதையும் தொடலை. அதனால தப்பு என்னோடதுன்னு சொல்றாங்க. இருபத்திரண்டு வருஷமா அடுப்படியில நிக்கிறேன். இந்தப் பேரோட வெளிய போனா இந்த ஊர்ல எந்தச் சமையலறை எனக்குக் கதவு திறக்கும்?"

கால்வாயில் ஒரு படகு போனது. அதன் அலை கரையில் மோதி அடங்கியது. கசேம் காலிக் கிண்ணத்தை ஒதுக்கி வைத்தார்.

"படம் ஏதாவது இருக்கா?"

இருந்தது. புகார் வருமென்று முதலாளி பகின் சொல்லி, பரிமாறும் பெண் மேசையைத் துடைப்பதற்கு முன் படமெடுத்திருந்தாள். சாப்பிடுவதற்கு முன் பிம்லடா எடுத்து இணையத்தில் போட்ட படமும் இருந்தது. கசேம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

சாப்பிடுவதற்கு முன் எடுத்த படத்தில் மூன்று பாத்திரங்கள்: ஆவியில் வெந்த மீன், புளிச்சாற்றில் இறால், பச்சைக் குழம்பு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் சின்னப் பீங்கான் தாங்கியில் ஒரு பித்தளைப் பொதுக்கரண்டி. பரிமாறும் பெண் பிறகு எடுத்த இரண்டாவது படத்தில் மீன் கரண்டி மீனுக்குள் கிடந்தது. இறால் கரண்டி இறால் தட்டில் கிடந்தது. குழம்பு கால் பங்கு குறைந்திருந்தது. அதன் கரண்டி மட்டும் தாங்கியிலேயே, துடைத்து வைத்ததுபோல் பளபளத்தது.

"நான் சொல்லட்டுமாண்ணே?" ஒரபினால் பொறுக்க முடியவில்லை. "மாமியார்தான். மருமகளப் பிடிக்காது. இறால்ல கை வச்சுட்டு..."

"உன் மாமியாரு உனக்கு என்ன பண்ணாங்க?"

"அவங்க செத்து ஆறு வருஷம் ஆச்சு. இன்னும் கனவுல வந்து என் சோறு குழைஞ்சிருக்குன்னு சொல்றாங்க."

லம்துவான்கூட ஒரு கணம் சிரித்துவிட்டாள். கசேம் சிரிக்கவில்லை. இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பிம்லடாவின் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டின் விளிம்புக்கு அடியில் ஏதோ வெள்ளியாக மின்னியது. அதைப் பார்த்ததும் அவருக்குள் பழைய அலுப்பு வந்து உட்கார்ந்தது. உண்மை தெரியும்போதெல்லாம் வருகிற அலுப்பு அது.

"முதலாளிகிட்ட சொல்லி நாலு மணிக்கு எல்லாரையும் அங்க வரச் சொல்லு," என்றார் லம்துவானிடம்.

*

நாலு மணிக்கு ஹோட்டலில் மேசைகள் காலியாக இருந்தன. பகின் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். பிம்லடா மருத்துவமனையிலிருந்து காலையில்தான் வந்திருந்தாள். வீக்கம் முழுதாக வடியவில்லை. பக்கத்தில் கணவன் தனாத். சற்றுத் தள்ளி, முதுகு நிமிர்த்தி, மாமியார் சவானி. லம்துவான் சமையலறைக் கதவருகில் கைகட்டி நின்றாள்.

"குழம்புல இறால் இல்லை," என்றார் கசேம், நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து. "குழம்பு எடுத்த கரண்டியில இருந்துச்சு."

அவர் படத்தை மேசைமேல் வைத்தார்.

"குழம்போட கரண்டிய யாரும் தொடவே இல்லை. ஆனா குழம்பு குறைஞ்சிருக்கு. இறால் கரண்டியப் பாருங்க. புளிச்சாறு சிவப்பு. அதுக்கு மேல பச்சையா, தேங்காய்ப்பாலோட ஒரு கோடு. இறாலப் பரிமாறின அதே கரண்டியால யாரோ குழம்ப அள்ளியிருக்காங்க. குழம்பு ஒரே ஒரு தட்டுலதான் இருக்கு. இந்தப் பொண்ணு தட்டுல."

"அவளே எடுத்திருக்கலாமே," என்றான் தனாத்.

"இறாலுக்குப் பயந்த பொண்ணு அந்தக் கரண்டியத் தொடுவாளா தம்பி? மாமியார் உக்காந்திருக்கும்போது மருமக முதல்ல கை நீட்டுவாளா? சோறு மேல குழம்பு எங்க விழுந்திருக்கு பாருங்க. அவளுக்கு எதிர்ப்பக்க விளிம்புல. எதிர்ல இருந்த யாரோ கை நீட்டி வச்சது."

ஒரபின் சவானியைப் பார்த்தாள். குளிர்சாதனப் பெட்டியின் முனகல் மட்டும் கேட்டது. கசேம் காத்திருந்தார். அவருக்கு அவசரம் இல்லை. இந்த மாதிரி மௌனங்களில்தான் அவர் பாதி வாழ்க்கையைக் கழித்திருந்தார்.

"நான்தான்," என்றார் சவானி கடைசியில். "தனாத்துக்கு இறால் வச்சேன். கையில அந்தக் கரண்டியே இருந்துச்சு. யோசிக்கலை. கல்யாணமாகி நாலு வருஷத்துல அவ தட்டுல நான் ஒரு வாய் வச்சதில்லை. நேத்துதான் வச்சேன்."

"ஏம்மா சொல்லலை?" என்றான் தனாத்.

"சொன்னா யாருடா நம்புவா? நாலு வருஷம் முகம் குடுக்காதவ, முதல் தடவையா கை நீட்டி விஷம் வச்சான்னுதானே பேசுவாங்க?"

ஒரபின் தலையைக் குனிந்துகொண்டாள். ஆளைச் சரியாகச் சொல்லியிருந்தாள். மனதைத்தான் தப்பாகச் சொல்லியிருந்தாள்.

பகின் தொண்டையைச் செருமினார். "அப்போ முடிஞ்சுது, இல்லையா?"

"இல்லை," என்றார் கசேம். பிம்லடாவின் பக்கம் திரும்பினார். "மூச்சு முட்டுறவ அலர்ஜி மாத்திரை அட்டையத் தட்டுக்கு அடியில ஒளிச்சு வைக்க மாட்டாம்மா. அது படத்துல தெரியுது. வெளிய தெரியுற ஓரத்துல ஒரு மாத்திரை குறையுது. நீ சாப்பிடுறதுக்கு முன்னாடியே முழுங்கிட்ட. கரண்டி எங்கேர்ந்து வந்துச்சுன்னு நீ பார்த்த."

பிம்லடா தன் விரல்களைப் பார்த்தாள்.

"அத்தை வச்சாங்க," என்றாள் மெல்ல. "வேண்டாம்னு எப்படிச் சொல்றது? மாத்திரை போட்டா ரெண்டு வாய் தாங்கும்னு நினைச்சேன்."

சவானி மருமகளைப் பார்த்தார்.

சமையலறைக் கதவருகிலிருந்து லம்துவானின் குரல் வந்தது. அதில் கோபம்கூட ஓய்ந்துபோயிருந்தது.

"நீங்க ரெண்டு பேரும் ஒருத்தர் மனச ஒருத்தர் நோகடிக்கக் கூடாதுன்னு பார்த்தீங்க. சரி. ராத்திரி பூரா நான் உரலத் தேய்ச்சுக்கிட்டு இருந்தேன். நான்தான் கொன்னிருப்பேனோன்னு."

பிம்லடா எழுந்து இரு கைகளையும் நெற்றி வரை உயர்த்தி லம்துவானைக் கும்பிட்டாள். சவானியும் எழுந்து கும்பிட்டார். தன்னைவிட வயதில் சின்னவளுக்கு, ஒரு சமையல்காரிக்கு, அவர் முந்திக் கை கூப்பியது அதுதான் முதல் தடவையாக இருக்கும். லம்துவான் பதிலுக்குக் கை கூப்பினாள்; தாமதமாக, தாழ்வாக.

"நீ வேலையில இரு லம்துவான்," என்றார் பகின். "நடந்தத மறந்துடு."

"எழுதிக் குடுங்க முதலாளி. என் மேல தப்பில்லைன்னு. இன்னிக்கு அடுப்பு நான் பார்த்துக்கிறேன். நாளைக்கு வர்றதப் பத்தி நாளைக்குச் சொல்றேன்."

அவள் உள்ளே போனாள். பகின் காகிதம் தேடப் போனார். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். வாசலில் பிம்லடா தடுமாறியபோது சவானி அவள் முழங்கையைப் பிடித்தார். பிடித்த கையை எப்போது எடுப்பதென்று இருவருக்கும் தெரியவில்லை. அப்படியே போனார்கள்.

கசேம் எழுந்திருக்க முயன்றார், முழங்கால் மறுத்தது. உள்ளே உரல் இடிக்கும் சத்தம் ஆரம்பித்து, சீராகி, நின்றது. லம்துவான் இரண்டு தட்டுகளோடு வந்தாள். துளசி போட்டு வறுத்த கோழி, சோறு, மேலே ஒரு பொரித்த முட்டை. ஆளுக்கொரு தட்டு, ஆளுக்கொரு கரண்டி.

"நடுவுல வச்சுப் பகிர்ந்துக்க ஒண்ணுமில்லையா?" என்றாள் ஒரபின்.

"இன்னிக்கு வேண்டாம்," என்றாள் லம்துவான்.

கசேம் கரண்டியை எடுத்தார். அவரவர் தட்டில் அவரவர் சாப்பிட்டார்கள்.