மூச்சுவிடாத வண்டி

இது மழைக்காலத்தில் நடந்ததா, வெயில்காலத்தில் நடந்ததா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வண்டியின் நிறம் சிவப்பு என்று நினைக்கிறேன். அது துருவின் நிறமாகவும் இருக்கலாம். அந்த மோட்டார் சைக்கிள் இந்தக் கதையில் வரும் இரண்டு பிள்ளைகளின் அம்மாவுடையது என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை.

அம்மா நர்ஸ். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் வேலை அவருக்குக் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். சொந்த வண்டி இல்லாவிட்டால் வேலை வேறொருவருக்குப் போய்விடும்.

வண்டி மாடிப்படிக்கு அடியில் கிடந்தது. கடைக்குட்டி பொடியன் பிறந்தபோது நிறுத்திவைத்தது. அவனுக்கு இப்போது ஐந்து வயது.

“கிளப்பிடலாம்மா” என்றாள் பொடியனின் அக்கா. வீட்டில் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவார்கள்.

“பார்ப்போம்” என்றார் அம்மா.

“பார்க்க வேண்டாம். கிளப்புவோம்.”

அந்த வாரம் முழுக்க அம்மாவும் மகளும் கரியும் எண்ணெயுமாகத் திரிந்தார்கள். அம்மா டேங்கைக் கழுவிப் புதுப் பெட்ரோல் ஊற்றினார். வாலு பழைய பல் துலக்கும் பிரஷால் சங்கிலியைத் தேய்த்தாள். பொடியன் மட்டும் வண்டியைத் தடவிக்கொடுத்தபடி சும்மா நின்றான்.

ஞாயிற்றுக்கிழமை தெருமுனை மெக்கானிக் வந்து உதைத்தார், உதைத்தார், உதைத்துக்கொண்டே இருந்தார். வண்டி ஒருமுறை தும்மியதோடு சரி.

“பெட்ரோல் வருது, தீப்பொறியும் வருது. இதுக்கு மேல எஞ்சினைப் பிரிச்சுத்தான் பார்க்கணும்க்கா. பத்து நாளாவது ஆகும்.”

அம்மா படியில் உட்கார்ந்துவிட்டார்.

“இன்னொரு தடவை உதைங்க மாமா” என்றாள் வாலு.

“என் காலு கழண்டுடும், பாப்பா.”

“கழண்டா அம்மா மாட்டிவிடுவாங்க. நர்ஸ்தானே.”

மெக்கானிக் சிரித்துக்கொண்டே உதைத்தார். வாலு வண்டியின் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, புகைக்குழாயின் வாய்க்கு நேரே உள்ளங்கையை வைத்தாள். காற்றே வரவில்லை. தரையில் கிடந்த தூசிகூட அசையவில்லை.

“மாமா, இது மூச்சே விடலை.”

மெக்கானிக் ஒரு கம்பியை உள்ளே விட்டார். மெத்தென்று எதிலோ இடித்தது.

“யாரு இதுல கைய வச்சது?” என்று உறுமினார்.

பொடியனைக் காணோம். கூடத்துக் கட்டிலுக்கு அடியிலிருந்து இரண்டு பாதங்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

“வெளிய வாடா, காதைத் திருகுறேன்” என்றார் மெக்கானிக். பாதங்களும் உள்ளே போய்விட்டன. “அக்கா, வேற எங்கயாவது எதையாவது திணிச்சிருந்தா எஞ்சினே போயிடும். இவன் சொல்லாம நான் கிளப்ப மாட்டேன்.”

அம்மா எழுந்தார். “நீங்க இருங்கம்மா” என்று வாலு தரையில் குப்புறப் படுத்தாள்.

“டேய், வண்டிக்கு இத்தனை நாளா சாப்பாடு போட்டது நீதானா?”

இருட்டிலிருந்து சின்னக் குரல் வந்தது. “அதுக்குப் பசிக்கும்ல. யாருமே எதுவும் தரலை.”

“பாவம்தான். என்னடா குடுத்த?”

“பிஸ்கட். அப்புறம் துணி. குளிருமேன்னு.”

“வேற எங்கயும் ஊட்டினியா?”

“இல்லையே. எல்லாருக்கும் ஒரு வாய்தானே இருக்கு?”

வாலு உதட்டைக் கடித்துக்கொண்டாள். “அது வாய் இல்லடா. அது வண்டியோட பின்பக்கம்.”

பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து களுக்கென்று சிரிப்பு வந்தது. அதற்குப் பின்னால் பொடியனும் வந்தான்.

மெக்கானிக் குழாயைக் கழற்றித் தட்டினார். பிஸ்கட் தூள், இரண்டு காலுறைகள், கிரேயான்கள், அம்மா வாரக்கணக்கில் தேடிய கைக்குட்டை எல்லாம் வந்து விழுந்தன.

குழாயைத் திரும்ப மாட்டியதும் அம்மாவே உதைத்தார். முதல் உதையில் வண்டி இருமியது. இரண்டாவதில் உறுமி அணைந்தது. அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவது முறை உதைத்தார். வண்டிச் சத்தத்தில் மாடிப்படியே அதிர்ந்தது.

திங்கட்கிழமை அம்மா வேலையில் சேர்ந்தார். ஓய்வுபெறும்வரை அதே வேலையைப் பார்த்தார். மெக்கானிக் இன்னும் கொஞ்சம் பெரிய கடைக்கு மாறினார். பொடியன் ஒரு ஓட்டலில் சமையல்காரனாக இருக்கிறான். வாலு டாக்டராகி, பிள்ளைகள் மூக்கில் திணித்துக்கொள்ளும் பட்டாணியையும் பொத்தானையும் எடுத்துக்கொண்டிருக்கிறாள்.